அடித்தொட்டி கசிகிறதா?



வீடு என்றால் நாலு சுவருக்குள் இருப்பது மட்டும்தானா? வாசல், மாடிப்படி, தண்ணீர் மோட்டார், பிள்ளைகள் விளையாடுகிற இடம், இதெல்லாமும் நம் பொறுப்பில் வருகிற வீடுதானே? அதனால் இந்த இதழில் அடுக்களையை விட்டு வெளியே வந்து, வாசலில் நிற்கிற ஒரு சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். கூடைப்பந்து போடுகிற ஸ்டாண்டு! அதிலும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற வளையத்தை விட்டுவிட்டு, யாருமே குனிந்து பார்க்காத அடித்தொட்டியைப் பற்றி. "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று சிரிக்காதீர்கள். கொசு, துரு, தீக்காயம், பிள்ளைகளின் உயிர் என்று நாலு விஷயம் அந்தத் தொட்டிக்குள் இருக்கிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் பக்கத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் லாரி. நடுவே சந்தும் அடுக்குமாடிக் குடியிருப்பும். எல்லாத் தெருவுக்கும் மைதானம் வாய்ப்பதில்லை. அதனால் பல குடியிருப்புகளில் நாலு வீட்டுக்காரர்கள் பணம் போட்டு, தள்ளிக்கொண்டு போகிற மாதிரி சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்துகிறார்கள். தரையில் பள்ளம் தோண்டி சிமென்ட் போட வேண்டியதில்லை. அடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரோ மணலோ நிரப்பினால், அந்தக் கனத்திலேயே நின்றுகொள்ளும். வேர் இல்லாத மரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள கனம்தான் அதற்கு வேர்.

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பிலும் அப்படி ஒன்று இருக்கிறது. நாலு வருஷமாக வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்றது. போன கோடையில் ஒரு நாள் அதைச் சுற்றி ஈரம். மறுநாள் குட்டையாகவே தேங்கிவிட்டது. வாட்ச்மேன் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி அலுத்துப் போனார். குனிந்து பார்த்தால் தொட்டியின் பின்பக்க மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்!

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேச்சு வந்தது. "ஆபத்து, ஓட்டைப் பிளாஸ்டிக். எடைக்குப் போட்டுடலாம்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் என் காதோரம் வந்து, "ஆன்ட்டி, போன வருஷம் பசங்க பேட் உடைஞ்சப்போ புதுசு வாங்கிக் குடுத்தாங்க. எங்க ஸ்டாண்டை மட்டும் எடைக்குப் போடுவாங்களா?" என்று கேட்டாள். எங்கள் குடியிருப்பில் சாயங்காலம் பெண் பிள்ளைகள் கூடி ஆடுவது அந்த ஒரே இடத்தில்தான். அது போனால் அவர்கள் மாடியேறி அவரவர் வீட்டுக்குள் போய் போனைப் பிடித்துக்கொள்வார்கள். "பத்து நாள் டைம் கொடுங்க. சரியாகலைன்னா நானே எடைக்குப் போடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபத்து என்று சொன்னவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பயந்தது நியாயம். 2025 நவம்பரில் அரியானா மாநிலம் ரோத்தக் மாவட்டத்தில், லாகன் மாஜ்ரா என்ற ஊரில், தேசிய அளவில் ஆடிக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் பயிற்சியின்போது வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். கம்பம் அப்படியே சாய்ந்து அவன் மார்பில் விழுந்தது. பிழைக்கவில்லை. அதற்கு ஓரிரு நாள் முன்புதான் அதே மாநிலத்தில் பஹதூர்கரில் 15 வயதுப் பையன் ஒருவனும் கம்பம் விழுந்து இறந்திருந்தான். அவை தரையில் ஊன்றிய கம்பங்கள். ஊன்றியதே விழும் என்றால், ஊன்றாமல் நிற்கிற நம் ஸ்டாண்டின் அடியை நாம் எவ்வளவு கவனிக்க வேண்டும்!

கடப்பாரையை நீளமாகப் பிடித்தால் பெரிய பாறையும் புரளும் அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். வளையம் இருப்பது 10 அடி உயரத்தில், அதாவது 3.05 மீட்டர். அங்கே ஒரு பிள்ளை 10 கிலோ விசையோடு பக்கவாட்டில் இழுத்தாலும், அடியிலிருந்து 1 அடி உயரத்தில் 100 கிலோ விசையோடு இழுப்பதற்குச் சமம். இதைத் தாங்கிப் பிடிப்பது தொட்டியின் கனம் மட்டுமே. நடுத்தரமான ஸ்டாண்டுகளில் தொட்டி 100 முதல் 150 லிட்டர் வரை பிடிக்கும். எங்களுடையது 120 லிட்டர். முழுக்கத் தண்ணீர் இருந்தால் 120 கிலோ. பாதி கசிந்துவிட்டால் 60 கிலோ. அதோடு போயிற்றா? அரைகுறையாக உள்ள தண்ணீர், ஸ்டாண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்ததும் தானும் முன்பக்கம் ஓடி, விழுவதற்கு உதவி செய்யும். ஆகவே கசிகிற தொட்டி கால் பங்கு காலியானாலும் சரி, பிள்ளைகளை நிறுத்திவிட வேண்டியதுதான். முதல் வேலையாக நாங்கள் செய்தது, மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, நாலு பெரியவர்கள் பிடித்து ஸ்டாண்டைத் தரையில் படுக்க வைத்ததுதான்.

இனி ரிப்பேருக்கு வருவோம்.

எதிர் வீட்டுத் தம்பி, இரண்டு கட்டியைச் சேர்த்துப் பிசைந்து பூசுகிற எபாக்ஸியை வாங்கி வந்து விரிசல் மேல் அப்பினார். காய்ந்தபின் கல் மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிட்டது. பாவம், மறுபடி பூசினார். மறுபடி உரிந்தது. காரணம் இதுதான். இந்தத் தொட்டிகளைப் பெரும்பாலும் ஹெச்.டி.பி.இ. என்கிற பாலிஎதிலீனில்தான் செய்கிறார்கள். அதன் மேல்பரப்பில் எந்தப் பசையும் சுலபத்தில் ஒட்டாது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் கிளம்பி வருகிறதே, அந்த மாதிரி. தொட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது ஹெச்.டி.பி.இ. என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பசைக்கு மசியாதது எதற்கு மசியும்? சூட்டுக்கு! இது வடசென்னைப் பெண்களுக்குத் தெரியாத வித்தையா? லாரித் தண்ணீருக்கு வரிசை கட்டிய நாளிலிருந்து எத்தனை பிளாஸ்டிக் குடத்தை ஒட்டி வாங்கியிருக்கிறோம்! எங்கள் தெருவுக்கு எப்போதாவது சைக்கிளில் ஒரு பெரியவர் வருவார். கேரியரில் சின்னக் கரி அடுப்பு, இரண்டு மூன்று தட்டையான இரும்புக் கம்பி, ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் துண்டு. அவரைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.

"இன்னாம்மா இது, குடத்துக்குப் பெரியப்பன் மாதிரி கீது?" என்றார்.

"ஒட்ட முடியுமா பெரியவரே?"

"ரகம் ஒண்ணா இருந்தா ஒட்டும்மா. பசை மேல நிக்கும், சூடு உள்ள போவும். அதான் வித்தியாசம்."

ஒரே வாக்கியத்தில் முழுப் பாடத்தையும் சொல்லிவிட்டார். அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறித்துக்கொண்டதை அப்படியே தருகிறேன்.

முதலில் தொட்டியைக் காலி செய்து, சோப்புத் தண்ணீரால் விரிசலைச் சுற்றிக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் உருகின பிளாஸ்டிக் பொரிந்து, ஓட்டை ஓட்டையாகிவிடும். பழைய பசை ஒட்டியிருந்தால் அதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

அடுத்து, விரிசலின் இரண்டு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் அளவில் சின்னத் துளை போட வேண்டும். "ஓட்டைக்கு மேலே ஓட்டையா?" என்று நானும் கேட்டேன். விரிசலின் முனை ஊசி மாதிரிக் கூர்மையாக இருப்பதால், கனம் ஏறும்போது அங்கிருந்துதான் மேலும் கிழிந்துகொண்டே போகும். முனையை உருண்டையாக்கிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். கிழிகிற புடவையில் முனையில் முடிச்சுப் போட்டுத் தைக்கிறோமே, அதே யோசனைதான்.

மூன்றாவதாக, விரிசலின் மேல் கத்தியால் சீவி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு வாய்க்கால் போல ஆக்கிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.

நாலாவதாக, ஒட்டுப் போடும் துண்டு. இதில்தான் பெரியவர் சொன்ன 'ரகம்' வருகிறது. அதுவும் 2 என்ற எண் போட்ட பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். காலியான பினாயில் கேன், ஷாம்பு பாட்டில் இவற்றில் பல அந்த வகைதான். எண்ணைப் பார்த்து எடுங்கள். 5 என்று போட்டது பாலிபுரொப்பிலீன். உருகும், ஆனால் இதனோடு கலக்காது. 3 என்று போட்ட பி.வி.சி. பக்கமே போகக்கூடாது. அதைச் சூடாக்கினால் நெஞ்சை எரிக்கிற அமிலப் புகை வரும்.

பிறகு காய்ச்சிய இரும்பால் வாய்க்காலின் இரண்டு ஓரங்களையும், துண்டையும் ஒரே சமயத்தில் இளக வைத்து, துண்டை அழுத்தி அழுத்தி நிரப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து இளக வேண்டும் என்பதுதான் முக்கியம். துண்டு மட்டும் உருகி மேலே வழிந்தால் அதுவும் பசை மாதிரி உரிந்துவிடும். இந்தப் பிளாஸ்டிக் 130 டிகிரி வாக்கில் உருகிவிடும். இரும்பு பழுக்கக் காய்ந்து கருகல் வாசனை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். கருகினது ஒட்டாது. எங்கள் விரிசல் மூலையில் இருந்ததால், பெரியவர் நடுவில் மெல்லிய இரும்புக் கம்பிவலைத் துண்டு ஒன்றைப் பதித்து, அதன் மேல் இன்னொரு பூச்சுப் போட்டார். ஆறுவதற்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. "தானா ஆறணும். அவசரப்பட்டா சுருங்கி வாயைத் தொறந்துக்கும்" என்றார்.

ஒரு மணி நேர வேலை. 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்டவர் உங்கள் தெருவுக்கு வராவிட்டால், மாடித் தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிறவர்களைக் கேளுங்கள். அவர்களும் செய்வார்கள்.

இந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். புகை ஆகாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் நிற்க வேண்டாம். உருகின பிளாஸ்டிக் கையில் பட்டால் உரிக்காதீர்கள். உடனே குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, தோசை மாவு, நெய் எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்டிருந்தால் டாக்டர் எடுக்கட்டும்.

ஒட்டியாயிற்று. உடனே நிமிர்த்தி விடலாமா? கூடாது. படுக்க வைத்த நிலையிலேயே நிரப்ப முடிகிற அளவு தண்ணீர் விட்டு, கீழே செய்தித்தாள் விரித்து, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் வேலை தேறியது.

அடுத்த கேள்வி, எதை நிரப்புவது? தண்ணீர் சுலபம், செலவில்லை, தேவைப்பட்டால் வடித்துவிடலாம். மணல் கனம் அதிகம். அதே 120 லிட்டர் தொட்டியில் உலர்ந்த மணல் சுமார் 180, 190 கிலோ பிடிக்கும். இன்னொரு சௌகரியமும் உண்டு. எதிர்காலத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் மணல் ஒரே ராத்திரியில் ஓடிப்போகாது. ஒருமுறை ஒட்டுப்போட்ட தொட்டிக்கு மணல்தான் நல்லது என்று தீர்மானித்தோம். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிப் புனலாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளே இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, தொட்டியைத் தட்டித் தட்டி நிரப்பினார்கள்.

"கடல் பக்கத்திலேயே இருக்கே, அள்ளிக்கினு வந்தா போச்சு" என்று சொன்னவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். கடல் மணலில் உள்ள உப்பு, தொட்டிக்குள் இறங்கும் இரும்புக் கம்பத்தை அரித்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. 1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் சுவர் எழும்பியதும், கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. இன்று நம் கரையில் கருங்கல்லைக் கொட்டிக் காவல் வைத்திருப்பது அதனால்தான். இருக்கிற ஒரு பிடி மணலையும் நாமே அள்ளலாமா? கட்டட வேலைக்கு வாங்குகிற எம்-சாண்டு நாலைந்து மூட்டை போதும். ஈரமில்லாமல் காயவைத்து நிரப்புங்கள்.

தண்ணீர்தான் சௌகரியம் என்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மூடி தொலைந்த தொட்டி கொசுவுக்குப் பிரசவ அறை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்சி என்ற கொசுவும் மாடித் தொட்டி, கிணறு போன்ற இடங்களைத் தேடுகிற ரகம். மூடியை இறுக்கிப் போடுங்கள். சுற்றிலும் கசிந்து தேங்கவிடாதீர்கள். வெளிநாட்டு ஸ்டாண்டுகளோடு வருகிற புத்தகத்தில், தண்ணீர் உறையாமல் இருக்க மருந்து கலக்கச் சொல்லியிருப்பார்கள். திருவொற்றியூரில் பனிக்கட்டி ஏது! அந்த மருந்தில் பெரும்பாலானவை விஷம். தொடவே வேண்டாம்.

தொட்டி சரியானால் மட்டும் போதுமா? கம்பம் தொட்டிக்குள் நுழைகிற இடத்தை அவசியம் பாருங்கள். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்துப் போனது மொத்தென்று இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் பள்ளம் விழுந்தாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, அந்தக் கம்பத்துக்கு விடை கொடுத்துவிடுங்கள். மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் இனாமல் பெயின்ட் இரண்டு கோட்டு அடியுங்கள். போல்ட்டுகளை வருஷம் இரண்டு முறை இறுக்குங்கள்.

எல்லாத் தொட்டியையும் ஒட்டிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். பல வருஷம் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரிக் கையில் ஒட்டும். கட்டைவிரலால் அழுத்தினால் புதிதாய் விரிசல் ஓடும். அது ஆயுசு முடிந்த பிளாஸ்டிக். அதை ஒட்டுவது நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வது. அப்போது, கூட்டத்தில் சொன்னவர் சொன்னதுதான் சரி, எடைக்குப் போட்டுவிடுங்கள். நல்ல தொட்டியாக இருக்கும்போதே அதன் மேல் ஒரு பழைய தார்ப்பாயை மூடி வையுங்கள். வெயில் படாவிட்டால் ஆயுசு கூடும்.

காற்றும் நமக்குச் சத்துருதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை பட்ட பாடு நமக்குத் தெரியும். புயல் எச்சரிக்கை வந்ததும் மாடியில் துணி எடுக்கிற மாதிரி, ஸ்டாண்டையும் நாலு பேர் சேர்ந்து படுக்க வைத்துவிட வேண்டும். பலகை பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும்.

பிள்ளைகளுக்கு எங்கள் குடியிருப்பில் மூன்று சட்டம். வளையத்தில் தொங்கக் கூடாது. தொட்டி மேல் ஏறி நிற்கக் கூடாது. ஸ்டாண்டைப் பெரியவர்கள்தான் நகர்த்த வேண்டும். மாதத்தில் முதல் ஞாயிறு அன்று அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணும் அவள் தோழியும் விரிசல், மூடி, போல்ட், துரு நாலையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி எனக்குக் காட்டுகிறார்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக்கூடை இரண்டை மாடி விளிம்பில் ஆணியடித்துத்தான் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அந்த விளிம்பு 10 அடி உயரம். இன்றைக்கும் அதே 10 அடிதான். மறு வருஷமே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை இதைப் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆரம்பம் முதலே நம் பெண்களுக்கும் உரிய ஆட்டம்தான் இது. இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக ஆடிய அனிதா பால்துரை நம் சென்னைக்காரர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். எல்லாப் பெண்ணும் அனிதா ஆக வேண்டாம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரமாவது உடம்பு வியர்க்க ஓடியாட்டம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குதிக்கிற வயதில் குதித்தால்தான் எலும்பு உறுதிப்படும். வயசுக்கு வந்ததும் பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, நாற்பதில் முழங்கால் வலி என்று டாக்டரிடம் ஓடுவதைவிட, வாசலில் ஒரு தொட்டியை ஒட்டி வைப்பது சுலபமில்லையா?

ஆகவே சகோதரிகளே, இன்று சாயங்காலம் பிள்ளைகள் ஆடப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பந்து வளையத்துக்குள் விழுகிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் கொஞ்சம் குனிந்து அடியைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். குடம் ஒட்டுகிறவர் குரல் தெருவில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு முன் மாடித் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசுவோம்.